மருந்துச் சீட்டு கேட்காத கல்லூரி



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்த பிறகு ஒரு ஊக்குநர் எழுந்து, "எங்க குழுவில ஒரு சிக்கல்" என்று ஆரம்பித்தார். அவங்க குழுவில் ஒரு உறுப்பினர். ஊரும் பேரும் இங்கே வேண்டாம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மனசு சரியில்லாமல் போய், மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர். இப்போது வீட்டு வேலை பார்க்கிறார், பிள்ளைகளைக் கவனிக்கிறார், மாத்திரையும் தவறாமல் சாப்பிடுகிறார். இரண்டு ஆடு வாங்க 15,000 ரூபாய் உட்கடன் கேட்டிருக்கிறார். குழுவில் நாலு பேர், "அவளுக்கு எப்படி நம்பிக் கொடுக்கிறது? திரும்பவும் அப்படி ஆயிட்டா தவணையை யாரு கட்டுறது?" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் கூட்டத்துக்கு வருவதில்லை. சேமிப்புப் பணம் மட்டும் மாமியார் கையில் வந்து சேருகிறது.

இதைச் சொல்லிவிட்டு அந்த ஊக்குநர் ஒரு கேள்வி கேட்டார். "மாத்திரை ஆஸ்பத்திரியில கிடைக்குது. மத்ததெல்லாம் எங்க போய் வாங்குறது?"

அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. அப்புறம் நாலு பேரிடம் விசாரித்தோம், கிடைத்ததைப் படித்தோம். இதே கேள்வியை வேற ஒரு நாட்டிலும் கேட்டிருக்கிறார்கள். கேட்டதோடு விடாமல் அதுக்கு ஒரு பள்ளிக்கூடமே நடத்துகிறார்கள் என்று தெரிந்தது. இங்கிலாந்தில் அதை ரெகவரி காலேஜ் என்று சொல்கிறார்கள். மீண்டு வருவதற்கான கல்லூரி. பெரியவர்களுக்கான படிப்பு, கட்டணம் கிடையாது. அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறோம்.

மீண்டு வருவது என்றால்?

நாற்று நடப் போன இடத்தில் வரப்பில் விழுந்து கை முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் மாவுக்கட்டு போடுகிறார். ஆறு வாரம் கழித்து அவிழ்க்கிறார். எலும்பு கூடிவிட்டது, டாக்டர் வேலை முடிந்தது. ஆனா அன்றைக்கே குடத்தைத் தூக்க முடியுமா? பால் கறக்க முடியுமா? விரலை மடக்கவே பத்து நாள் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். சில பேருக்கு மழைக்காலத்தில் கை வலிக்கத்தான் செய்யும். வலியோடு வேலை செய்ய ஒரு பக்குவம் வேண்டும்.

மனசு நோயும் இப்படித்தான். மாத்திரையும் டாக்டரும் செய்வது ஒரு பங்கு. அதுக்கப்புறம் பழையபடி கடைக்குப் போக, நாலு பேர் முன்னாடி பேச, கணக்கு எழுத, தூங்க, சிரிக்கப் பழக வேண்டும். நோய் அடியோடு போனால் நல்லது. போகாவிட்டாலும், கொஞ்சம் மிச்சம் இருந்தாலும், நமக்கென்று ஒரு வாழ்க்கையை வாழ முடியும் என்பதைத்தான் அவர்கள் மீண்டு வருவது என்கிறார்கள்.

இப்படி மீண்டவர்களுக்கு எது உதவியது என்று பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, 2011-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஐந்து விஷயங்களைச் சொன்னார்கள். கூட மனிதர்கள் இருப்பது ஒன்று. நாளைக்கு நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை. 'நோயாளி' என்ற பேர் போய் நம்ம சொந்தப் பேர் திரும்பக் கிடைப்பது. நாம் உயிரோடு இருப்பதற்கு ஒரு அர்த்தம். நம்ம வாழ்க்கையின் கடிவாளம் நம்ம கையில் இருப்பது. இந்த ஐந்தில் ஒன்றாவது மருந்துக் கடையில் கிடைக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

எங்கே தொடங்கியது?

அமெரிக்காவில் பாஸ்டன், ஃபீனிக்ஸ் நகரங்களில் இதுமாதிரி படிப்பு மையங்கள் முன்னாடியே இருந்தன. அதைப் பார்த்து 2009-ல் தென்மேற்கு லண்டனில் சோதனை முறையில் ஆரம்பித்தார்கள். 2011-ல் நாட்டிங்காம் நகரத்திலும் வந்தது. இதில் முன்னாடி நின்றவர்களில் ஒருவர் ரேச்சல் பெர்கின்ஸ் என்ற பெண்மணி. அவர் மனநல மருத்துவத் துறையில் பெரிய பொறுப்பில் இருந்த உளவியலாளர். அவருக்கே மனநோய் வந்து சிகிச்சை எடுத்தவர். அதை மூடி மறைக்காமல் வெளியே சொன்னவர். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பார்த்தவர் என்பதால்தான் இப்படி ஒரு யோசனை வந்தது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

2021-ல் எடுத்த கணக்குப்படி இங்கிலாந்தில் மட்டும் 88 கல்லூரிகள். 2023-ல் வெளியான ஒரு ஆய்வு உலகம் முழுக்கத் தேடியதில் 28 நாடுகளில் 221 இருந்ததாகச் சொல்கிறது. பெரும்பாலும் அந்த நாட்டு அரசு மருத்துவ சேவைதான் செலவைப் பார்க்கிறது. சில இடங்களில் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன.

உள்ளே என்ன நடக்கிறது?

கல்லூரி என்றதும் பெரிய கட்டடம், பட்டம், பரீட்சை என்று நினைக்க வேண்டாம். நாலைந்து அறை உள்ள ஒரு இடம் இருக்கும். சில ஊர்களில் நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ நடக்கும். பருவத்துக்கு ஒரு முறை ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். என்னென்ன வகுப்பு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் எடுக்கிறார்கள் என்று அதில் இருக்கும். பிடித்த வகுப்பைப் பார்த்து நாமே போய்ப் பேர் கொடுக்க வேண்டியதுதான். டாக்டர் சீட்டு வேண்டாம், யார் சிபாரிசும் வேண்டாம். உனக்கு என்ன வியாதி என்று கேட்டு வாசலில் நிறுத்துவதில்லை. சில வகுப்பு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். சில வகுப்பு வாரம் ஒரு நாள் என்று பல வாரம் நடக்கும்.

வகுப்பில் யார் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் முக்கியம். நோய் வந்தவர் இருப்பார். அவருடைய அம்மாவோ வீட்டுக்காரரோ பக்கத்தில் இருப்பார். அதே பெஞ்சில் ஆஸ்பத்திரி நர்ஸும் உட்கார்ந்து படிப்பார், சில நாள் டாக்டரும் வருவார். எல்லாருக்கும் அங்கே ஒரே பேர், மாணவர். நோயாளி என்ற சொல்லை வாசலோடு விட்டுவிட வேண்டும். ஒருத்தரை 'பேஷன்ட்' என்று கூப்பிட்டால் அவருக்கு நாம் செய்ய வேண்டும் என்று ஆகிவிடுகிறது. 'மாணவர்' என்றால் அவரே செய்யப் போகிறார் என்று ஆகிறது.

சொல்லிக் கொடுப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் படித்த மருத்துவ ஊழியர். இன்னொருவர் அந்த நோயை அனுபவித்து மீண்டவர். பாடத்தைத் தயாரிக்கும்போதே இருவரும் சேர்ந்து உட்காருகிறார்கள். நோய் பட்டவரைக் கடைசி ஐந்து நிமிஷம் மேடையேற்றி "உங்க சோகத்தைச் சொல்லுங்க" என்று அழவிடும் பழக்கம் அங்கே இல்லை. அவரும் பயிற்சி எடுத்த ஆசிரியர்தான்.

ஏன் இரண்டு பேர்? கறவை மாட்டுப் பயிற்சிக்குப் போனவர்களுக்கு இது உடனே புரியும். கால்நடை டாக்டர் மடிநோய் ஏன் வருகிறது, எந்த ஊசி போட வேண்டும் என்று சொல்வார். அது தேவை. ஆனா ராத்திரி இரண்டு மணிக்கு மாடு கன்று போட முடியாமல் கத்தும்போது கை நடுங்காமல் என்ன செய்வது என்பதை, பத்து வருஷம் மாடு வளர்த்த அக்காதான் சொல்ல முடியும். அந்த அக்கா சொல்லும்போது நமக்கு இன்னொன்றும் கிடைக்கிறது. 'இவளால முடிஞ்சிருக்கு, அப்ப நம்மாலயும் முடியும்.' இந்த எண்ணம் டாக்டர் எத்தனை தடவை சொன்னாலும் வராது.

தோழிகளே, இது நமக்குப் புதுசு இல்லை. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டத்தின் கீழ் முதல் குழுக்கள் ஆரம்பித்தன. அப்புறம் வந்த குழுக்களுக்குத் தீர்மான நோட்டு எழுத யார் சொல்லிக் கொடுத்தது? பாதிப் பேருக்குப் பக்கத்து ஊர்க் குழுப் பெண்தான். கையெழுத்துப் போடத் தெரியாமல் இருந்தவள், போடக் கற்றுக்கொண்ட மறுவருஷம் இன்னொருத்திக்குக் கற்றுக் கொடுத்தாள். இங்கிலாந்துக்காரர்கள் மனசு விஷயத்தில் அதைச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

என்ன பாடம்?

மனச்சோர்வு என்றால் என்ன, காதில் குரல் கேட்பவர்கள் அதோடு எப்படி வாழ்வது, தூக்கம், பதட்டம், மாத்திரை பற்றி டாக்டரிடம் எப்படிக் கேள்வி கேட்பது, பணத்தைக் கையாளுவது, திரும்ப வேலைக்குப் போவது, வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர் தன்னையும் பார்த்துக்கொள்வது என்று வகுப்புகள் போகும். சில இடத்தில் தோட்ட வேலை, பாட்டு, கைவேலையும் உண்டு. எல்லாவற்றையும் இங்கே எழுத இடமில்லை. எங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு பாடத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறோம்.

நலத் திட்டம் எழுதுவது என்று அதைச் சொல்லலாம். 1997-ல் அமெரிக்காவில் வெர்மான்ட் என்ற இடத்தில், மனநோய் பட்டவர்கள் கூடிப் பேசி உண்டாக்கிய முறை இது. அதை எழுதிப் பரப்பிய மேரி எல்லன் கோப்லாண்டும் அப்படிப் பட்டவர்தான். இதுமாதிரித் திட்டம் எழுதுவது இந்தக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு பாடம். அந்த முறையை நம்ம ஊருக்குத் தகுந்த மாதிரிச் சொல்கிறோம்.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எழுத வராதவர்கள் படம் போடலாம், மகளை எழுதச் சொல்லலாம். முதல் பக்கத்தில், நான் நல்லா இருக்கும்போது எப்படி இருப்பேன்? காலையில் கோலம் போடுவேன், பக்கத்து வீட்டில் நின்று பேசுவேன், சேலையைப் பார்த்துக் கட்டுவேன். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனா நோய் வரும்போது நாம் எப்படி இருந்தோம் என்பதே மறந்துவிடும். அதனால்தான் எழுதி வைப்பது.

அடுத்து, தினமும் எது செய்தால் நான் நல்லா இருப்பேன். நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை, ராத்திரி ஆறு ஏழு மணி நேரம் தூக்கம், அம்மாவிடம் போனில் பத்து நிமிஷம். அப்புறம், எது நடந்தால் எனக்கு ஆட்டம் காணும். தீபாவளிச் செலவு, மாமனார் திட்டு, வீட்டுக்காரர் குடித்துவிட்டு வருவது, குழந்தை இறந்த அந்த மாதம். எது என்று முன்னாடியே தெரிந்தால், அந்த நாளில் தனியாக இருக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

அதுக்கடுத்த பக்கம்தான் உயிர் காக்கும் பக்கம். எனக்கு மறுபடி வரப்போகிறது என்பதற்கு முதல் அடையாளம் என்ன? ஒருத்திக்கு மூன்று நாள் தூக்கம் போகும். ஒருத்திக்குத் தலை சீவப் பிடிக்காது. ஒருத்தி அளவுக்கு மீறிப் பேசுவாள், கையில் இருக்கும் காசை எல்லாம் செலவு பண்ணுவாள். ஒருத்திக்கு எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிற மாதிரித் தோன்றும். இது ஆளுக்கு ஆள் வேறு. அவரவருக்குத்தான் தெரியும். அந்த அடையாளம் தெரிந்த அன்றைக்கே டாக்டரைப் பார்த்தால், மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டிய நிலை வராமல் தடுக்க வழியுண்டு.

கடைசிப் பக்கம், என்னால் முடியாமல் போனால். என்னை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்? யார் கூட வரக்கூடாது? எந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை? பிள்ளை யார் வீட்டில் இருக்கும்? ஆட்டுக்குத் தழை யார் போடுவார்? குழுத் தவணையை யார் கட்டுவார்? இதை நல்லா இருக்கும்போதே எழுதி, நம்பிக்கையான இரண்டு பேரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும்.

அந்த ஊக்குநர் குழுவில் நாலு பேர் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? தவணையை யார் கட்டுறது என்று. அதுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுத இடமிருக்கிறது. சரியாகச் சொன்னால் இந்தக் கேள்வியை நம்ம எல்லாரிடமும் கேட்க வேண்டும். டெங்கு வந்து படுத்தாலும் தவணை நிற்கத்தானே செய்யும்?

குறையும் உண்டு

இந்தப் படிப்பு வைத்தியத்துக்குப் பதில் இல்லை. அந்தக் கல்லூரிகளே இதைத் தெளிவாகச் சொல்கின்றன. வகுப்புக்குப் போகிறோம் என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. நன்றாக இருக்கிறது என்று நாமாகப் பாதியில் விடுவதுதான் திரும்ப வருவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று.

சேருகிறவர்கள் எல்லாரும் முடிப்பதும் இல்லை. பலன் இருக்கிறதா என்றால், சசெக்ஸ் என்ற பகுதியில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், கல்லூரியில் சேர்ந்தவர்கள் சேருவதற்கு முன்பு இருந்ததைவிட பின்பு ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்கள் குறைந்தன என்று வந்தது. ஆனா சேராதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு இல்லை அது. அதனால் படிப்பு மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

அங்கே நோய் பட்டவர்களிலேயே சிலர் இன்னொரு குறை சொல்கிறார்கள். வேலை இல்லை, வீட்டு வாடகைக்கு வழியில்லை, அதைச் சரி பண்ணாமல் 'நீ உன் மனசைச் சரி பண்ணிக்கோ' என்று எங்க தலையில் கட்டுகிறீர்களே என்று. எங்களுக்கு இது நியாயமாகவே படுகிறது. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லித் தருவது ஏமாத்து வேலை. அடி வாங்குகிற பெண்ணுக்கு முதலில் அடி நிற்க வேண்டும். குழுவும் கூட்டமைப்பும் செய்ய வேண்டிய வேலை அது. அதை வகுப்பு செய்யாது.

நம்ம பக்கம் இப்போது இருப்பது

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்தது நம்மில் மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. அன்றைக்கும் இன்றைக்கும் சட்டம் மாறியிருக்கிறது. 2017-ம் வருஷ மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. அரசு செலவில் மனநல சிகிச்சை பெறுவது உரிமை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்த நாளில் எந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று கிராம செவிலியரிடம் கேட்டு, குழு அறையில் எழுதி ஒட்டுங்கள்.

போனில் பேச 14416 என்ற எண் இருக்கிறது. டெலி மானஸ் என்று பேர். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம். பேர் சொல்லப் பிடிக்கவில்லை என்றாலும் கூப்பிடுங்கள். செத்துப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கூப்பிட வேண்டிய எண் இது. பக்கத்தில் இருக்கிற ஒருத்தரையும் எழுப்பி உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் முடிவு செய்தது

கல்லூரி நடத்த நம்மிடம் வசதி இல்லை. இரண்டு மணி நேர வகுப்பு நடத்த வசதி இருக்கிறது. பாய் இருக்கிறது, டீ போடலாம். கூட்டமைப்பு அறையில் மாதம் ஒரு மதியம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். தவணை கட்டும் நாளில் வைப்பதில்லை. அன்றைக்குக் காசு குறைந்தவள் மனசு வகுப்பில் இருக்காது. முதல் பாடம் தூக்கம். அதில் ஆரம்பித்தால் யாரும் வெட்கப்பட மாட்டார்கள், தூக்கம் வராத ராத்திரி இல்லாத வீடு எது? கிராம செவிலியர் ஒருவர் வரச் சம்மதித்திருக்கிறார். அவரோடு நம்ம உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து எடுக்கிறார். ஆறு வருஷமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பால் சொசைட்டிக் கணக்கு எழுதுகிறவர் அவர். தன்னைப் பற்றி எவ்வளவு சொல்லலாம் என்பதை அவரே முடிவு பண்ணுவார். யாரும் தோண்டித் துருவிக் கேட்கக் கூடாது. அறைக்குள் கேட்டதைக் குழாயடியில் பேசக் கூடாது. இரண்டாவது மாதம் நலத் திட்டம் எழுதுகிறோம். எல்லாரும் எழுதுகிறோம், நோய் வந்தவர் வராதவர் என்று பிரிவு இல்லை. நோட்டு கூட்டமைப்புச் செலவு.

அந்த உறுப்பினர் வீட்டுக்கு ஊக்குநரும் நாங்கள் இரண்டு பேரும் போனோம். முதலில் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டே இருந்தார், எங்களைப் பார்க்கவில்லை. கிளம்பும்போதுதான், "வந்தா யாராவது ஏதாவது கேப்பாங்களாக்கா?" என்றார். கேட்டால் நாங்கள் பக்கத்தில் இருப்போம் என்று சொல்லிவிட்டு வந்தோம். குழு விதிமுறையை எடுத்துப் படித்துப் பார்த்ததில், சேமிப்பு, வருகை, பழைய கடன் பாக்கி, இந்த மூன்றைத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறது. நோய் என்று ஒரு வரியும் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரத்தைத் தவிர அவர் சேமிப்பில் ஒரு மாதமும் குறை இல்லை. அவர் மனு அடுத்த குழுக் கூட்டத்தில் மறுபடி வைக்கப்படுகிறது. தூக்கம் பற்றிய வகுப்பு அதுக்கு முந்தின புதன்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு.